பெரியம்மாவின் நைனா சொன்னது

கண்ணு,

அன்றைக்கு உன்னைப் பாராட்டி நடந்த கூட்டத்தில், பெண்கள் பக்கம் சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த நான், வாய்வரைக்கும் வந்ததைச் சொல்லாமல் விழுங்கினேன். "அதைச் சொன்னது நான்." இவ்வளவுதான். எழுந்து நின்று கத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உரக்கடைக்காரர் மனைவியின் காதில் போட்டிருந்தால் போதும், மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ் நிலையம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். நான் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினேன். அந்தக் கைதட்டல் எவ்வளவு பொய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும் தெரிகிறது.

அந்தக் கூட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் பெரியப்பாவின் அரிசி மண்டி வாசலில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. நம் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டுச் சாலையில் உட்கார்ந்த வருஷங்கள் போய், கேட்டதில் ஒரு பங்கு கைக்கு வந்த பிறகு, நம் தெருவிலிருந்து சட்டக் கல்லூரிக்கு இடம் கிடைத்த முதல் பிள்ளை நீ. யார் யாரோ துண்டு போர்த்தினார்கள். நீ மைக்கைப் பிடித்தாய். "தகுதி தகுதின்றாங்க. அது இன்னா, பொறக்கும்போதே கூடப் பொறந்துக்கினு வருதா? எங்க பெரியம்மாவோட நைனா தியாகதுருகத்துல மாட்டு வண்டி ஓட்னவரு. அவரு சொல்லுவாராம், பொறக்கறப்போ எல்லாப் புள்ளயும் எழுதாத சிலேட்டுதான்னு. ஒரு சிலேட்டுல தெனம் எழுதறாங்க. இன்னொன்ன பரண்மேல போட்டுட்றாங்க. அப்பறம் ரெண்டையும் பக்கத்துல வச்சி, பாரு, இதுல அறிவு கீது, அதுல இல்லன்றாங்க. கோவை எலய வச்சித் தேச்சா எந்தச் சிலேட்டும் புதுசாய்டும்னு சொல்லுவாராம் அந்தத் தாத்தா" என்றாய். கூட்டமே எழுந்து கைதட்டியது. பின்னாலிருந்து ஒருவர், "வண்டிக்காரரு வக்கீலுங்களையே கவுத்துட்டாருய்யா!" என்று கத்தினார். மேடை ஓரத்தில் உன் பெரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவளிடம் "எங்க நைனாடி, எங்க நைனா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியம்மாவை 'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் "அக்கா", "நீங்க" என்றுதான் இத்தனை வருஷமும் பேசியிருக்கிறேன், இனியும் அப்படித்தான் பேசுவேன். இந்தக் கடிதத்தில் மட்டும் எனக்கு அந்தச் சலுகை வேண்டும்.

அந்த வார்த்தையைப் பெரியம்மாவின் அப்பா, அந்தத் தியாகதுருகத்து வண்டிக்காரர், சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், நான் பார்த்திருக்கிறேன், மாட்டை அடிக்கமாட்டார். ஆனால் பிள்ளைகளின் மனசைப் பற்றி அவர் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொன்னவர் இங்கிலாந்துக்காரர். முந்நூறு வருஷத்துக்கு முந்தியவர். வைத்தியம் படித்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கடைசிக் காலத்தில் யாரோ ஒரு சிநேகிதியின் குடும்பத்தோடு ஒண்டியிருந்தவர். ராஜா என்பவன் கடவுள் அனுப்பி வந்தவனில்லை, ஜனங்கள் ஒப்புக்கொண்டால்தான் ராஜா என்றும் எழுதியவர். உன் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் வரும், நான் இங்கே எழுதப்போவதில்லை. நீயே கண்டுபிடித்துத் துள்ளிக்குதி. நான் அவரைக் கண்டுபிடித்தது கச்சிராயபாளையத்தில், நம் வீட்டுக் கூடத்தில், தபால்காரர் கொண்டுவந்து போட்ட அஞ்சல் வழிப் பாடக் கட்டுக்குள். நான் பட்டப்படிப்புப் படித்தது உனக்குத் தெரியும். "அம்மா சும்மா எதுனா படிச்சிக்கினே இருப்பாங்க" என்று உன் சிநேகிதர்களிடம் சொல்வாய். அந்தச் 'சும்மா' எனக்குக் கேட்டிருக்கிறது.

உன்னை ஆறாம் வகுப்புக்குக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பியது உன் அப்பா எடுத்த முடிவு. டவுன் பள்ளிக்கூடம், டியூஷன், அவருடைய அண்ணன் வீடு. அண்ணிக்குப் பிள்ளை இல்லை. இதில் மறுத்துப் பேச என்ன இருக்கிறது? நானும் மறுக்கவில்லை. எனக்கு அப்போது முப்பது ஆகவில்லை. நல்லதுதானே என்று உன் சட்டைகளை மடித்து வைத்தேன். முதல் மாதம் நீ அழுதாய், அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் மாதம் லீவுக்கு வந்தவன், குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெரியம்மா வெங்காயத்த நல்லா வதக்கிட்டுப் போடுவாங்கம்மா" என்றாய். அன்றிலிருந்து நான் வெங்காயத்தை வதக்கித்தான் போடுகிறேன், கவனித்தாயோ என்னவோ. அடுத்த வருஷம் காலாண்டுப் பரீட்சை லீவு முடிந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "நான் வூட்டுக்குப் போறேம்மா" என்றாய். நீ நின்றிருந்தது எந்த வீட்டு வாசல்? உன் அப்பா சிரித்தார். நான் உன் கையில் டவுன் பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சிலேட்டுக் கதை நடந்தது நீ ஏழாவது படிக்கும்போது. கணக்கில் முட்டை வாங்கி வந்திருந்தாய். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்திருந்தேன். பெரியப்பா உன்னை நிற்கவைத்து, "இவன் மண்டையில ஒண்ணும் ஏறாது. பொறப்பே அப்பிடி. இவன் தாத்தனும் கைநாட்டு, இவனும் கைநாட்டு" என்று வைதுவிட்டு மண்டிக்குப் போனார். பெரியம்மாவும் நானும் பின்கட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அவள் அழுதாள். அவள் அழுதது எனக்குப் பிடிக்கவில்லை, அங்கே அழவேண்டியவள் நான். அழாமல் இருந்த என் வாய் வேறொன்றைப் பேசியது.

"பொறப்புல ஒண்ணுமில்லக்கா. லண்டன்ல ஒருத்தர் எழுதிகிறாரு. கொழந்த பொறக்கும்போது மனசுல எதுவுமே இருக்காதாம்."

"லண்டன்லயா? அவருக்கு எத்தினி புள்ள?"

"கல்யாணமே பண்ணிக்கலக்கா."

"அடச்சீ, அப்பறம் அவருக்கு இன்னாடி தெரியும் புள்ள வளக்கறதப் பத்தி?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த மொச்சையை உரிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது. அவசரமாகப் பேச்சை மாற்றுவதற்காக நான் அந்தக் கருத்தை விரித்தேன். பாடத்தில் இருந்தது வெள்ளைக் காகிதம். எழுதாத வெள்ளைக் காகிதம்போல மனசு, அதில் பார்ப்பதும் கேட்பதும் தொடுவதும்தான் எழுத்தாகின்றன என்று. நான் காகிதத்தைச் சிலேட்டாக்கினேன். காகிதத்தில் எழுதியதை அழித்தால் கிழியும், சிலேட்டில் பெரியப்பா எழுதியதை ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்று அந்த நேரத்துக்குத் தோன்றியது. கோவை இலையும் அப்படித்தான் வந்தது. பெரியம்மா வீட்டு வேலியில் கோவைக்கொடி படர்ந்திருந்தது, கண்ணெதிரே இருந்ததை எடுத்துச் சொன்னேன். மனசைப் பலகை என்று வேறு யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கோவை இலையை யாரும் சொல்லவில்லை. அது என்னுடையது. அதனால்தான் அன்றைக்கு மைக்கில் நீ கோவை இலை என்றதும் என் காது சுட்டது.

பெரியம்மா யோசித்தாள். "நல்லாத்தான் சொல்லிகிறாரு. ஆனா லண்டன்காரன் சொன்னான்னு சொன்னா எங்க வூட்டுக்காரரு சிரிப்பாரு. எங்க நைனா சொல்லுவாருன்னு சொல்றேன். மாமனாருன்னா மனுசன் கம்முனு கெடப்பாரு" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்று சாயங்காலம் அவள் சொல்ல, பெரியப்பா உண்மையிலேயே கம்மென்று இருந்தார். பிறகு அதை அவள் உனக்குச் சொன்னாள். நீ கணக்குப் போட உட்காரும்போதெல்லாம் சொன்னாள். எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி, அவளுக்கே அவள் நைனா வண்டி நுகத்தடிமேல் உட்கார்ந்து அதைச் சொல்வது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. இப்போது அவளைக் கேட்டால் சத்தியம் செய்வாள். பொய் சத்தியமாகவும் இருக்காது.

எனக்கு என்ன வலி தெரியுமா? பெரியப்பாவின் வாயை அடைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, வண்டிக்காரர் பொருத்தமாக இருந்தார், சரி. உன்னிடம் சொல்லும்போது அந்த ஆள் தேவையில்லையே. "உங்கம்மா சொன்னாடா" என்று உன்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. அவளுக்குத் தோன்றவில்லை. செத்துப்போன ஒரு வண்டிக்காரருக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. செத்துப்போனவர்மேல் பொறாமைப்படும் அளவுக்கு நான் வந்துவிட்டேன், கண்ணு. அந்த இங்கிலாந்துக்காரருக்குப் போக வேண்டிய பெயரும்தான் போகவில்லை, அவருக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

மறியல் நடந்த வாரத்தில் நீ பிளஸ் டூ. சாலையோரத்துப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள், பஸ் கிடையாது, பால் கிடையாது, ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக முடியாது. உன்னையும் சேர்த்துப் பையன்களைப் போலீஸ் பிடித்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் வைத்திருக்கிறார்கள் என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா ஊரில் இல்லை. நான் ஒரு தூக்கில் சோற்றைப் போட்டுக்கொண்டு, கச்சிராயபாளையத்திலிருந்து நடந்தே கிளம்பினேன். மரத்துக்கு மரம் ஏறி இறங்கினேன், புடவை கிழிந்தது. வழியில், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த ஒரு காலனியில் குடிசைகள் கரிந்து கிடந்தன, ஒரு பெண் சாம்பலுக்குள் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். யார் கொளுத்தியது என்று நான் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தபோது உன்னை விட்டுவிட்டிருந்தார்கள். பெரியம்மா காலையிலேயே மண்டபத்துக்குப் போய், இன்ஸ்பெக்டரை வண்டை வண்டையாகக் கேட்டு, உன்னைக் கூட்டி வந்துவிட்டாள். அவளுக்கு அது மூன்று தெரு தூரம். நீ குளித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கிழிந்த புடவையோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "நீ ஏம்மா அவ்ளோ தூரம் நடந்த? அதான் பெரியம்மா கீறாங்களே" என்றாய். அக்கறையோடுதான் சொன்னாய். நான் கொண்டுபோன சோறு ஊசிப்போயிருந்தது, பெரியம்மா வீட்டு மாட்டுக்குப் போட்டேன்.

அன்றைக்குப் பார்த்த சாம்பலை உனக்குச் சொல்லாமலே இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நீ சட்டம் படிக்கப் போயிருக்கிறாய். எல்லாச் சிலேட்டும் ஒன்று என்று நீ மைக்கில் சொன்னபோது, உன் கண்ணுக்கு முன்னால் நம் தெருப் பிள்ளைகளின் சிலேட்டுகள் மட்டும்தான் இருந்தன. நமக்கு மேலே இருப்பவர்களைப் பார்த்துச் சொல்லும்போது அந்த வாக்கியம் வாயில் இனிக்கும். நமக்குக் கீழே என்று நாம் வைத்திருப்பவர்களைப் பார்த்துச் சொல்லிப் பார். அப்போதும் கூட்டம் கைதட்டுகிறதா என்று பார். தட்டாது. தட்டாத இடத்திலும் நீ அதைச் சொன்னால்தான் அது உன் வார்த்தை. அதுவரைக்கும் அது யாரோ ஒருவர் நைனாவின் வார்த்தை.

அதைச் சொன்ன பெரிய மனிதரையும் ரொம்ப நம்பாதே. மனிதர்கள் எல்லாரும் சுதந்திரமாகப் பிறந்தவர்கள் என்று எழுதிய அதே கை, மனிதர்களைப் பிடித்து விற்ற கம்பெனியில் பங்கு வாங்கியிருக்கிறது. உழைப்பைப் போட்டவனுக்கே நிலம் என்று எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது, நம் ஊர்க் குத்தகைக்காரர்கள் காதில் தேனாகப் பாயும். ஆனால் உழாமல் கிடப்பது யாருக்கும் சொந்தமில்லை என்று அதன் வால் நீள்கிறது. கல்வராயன் மலைமேல் இருப்பவர்கள் சாமை விதைத்து அறுத்துவிட்டு, மண் ஆறட்டும் என்று சில வருஷம் அந்தத் துண்டைச் சும்மா விடுவார்கள். கீழேயிருந்து போகிறவன் கண்ணுக்கு அது தரிசு. பெரியப்பாவுக்கு மலையில் கடுக்காய் மரங்களோடு ஒரு நிலம் இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று அவரை ஒருநாள் கேள். கேட்கும்போது வக்கீல் மாதிரி கேட்காதே, பிள்ளை மாதிரி கேள்.

இவ்வளவு நியாயம் பேசுகிறவள், தனக்கு வந்தபோது என்ன செய்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே மனிதர் பெற்றோரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பெற்றுப்போட்டதனால் மட்டும் ஒரு பிள்ளைமேல் ஒருவருக்கு உரிமை வந்துவிடாது, சோறு போட்டு, பார்த்துக்கொண்டு, புத்தி சொல்லி வளர்க்கிறவர் யாரோ அவருக்குத்தான் அந்த உரிமை சேரும், வளர்ப்பை விட்டுவிட்டவர் உரிமையையும் விட்டுவிட்டவர் என்பதுபோல் போகிறது. அவர் அதைத் தகப்பன்களைப் பற்றித்தான் எழுதினார். எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. நீ பெரியம்மா வீட்டில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய், நான் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை இல்லாத ஒரு கிழவர், முந்நூறு வருஷத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை இல்லாத என் ஓரகத்திக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிவைத்திருக்கிறார். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. நான் வேறு கேள்விக்கு விடை எழுதினேன்.

பெரியம்மாவிடம் சிலேட்டைச் சொன்னேன். இதை மட்டும் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அதையும் அவள் நைனா கணக்கில் சேர்த்திருப்பாள், அதோடு போயிருக்காது. நீங்கள் இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியிருப்பீர்கள். சொல்லாமலே அவள் அதன்படிதான் வாழ்ந்துகொண்டிருந்தாள். உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தவள் அவள். உன் குரல் உடைந்ததை முதலில் கேட்டவள் அவள். நீ முதன்முதலில் பீடி பிடித்ததற்கு உன் முதுகில் போட்டவளும் அவள்தான், அந்த அடிகூட எனக்குக் கிடைக்க வேண்டியது என்று தோன்றுகிறது. எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் இல்லாவிட்டால் இந்தக் குடும்பத்தில் எனக்குச் சிரிக்க ஆளில்லை. அவளைப் பிடிக்காமல் போயிருந்தால் இது இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது.

கூட்டம் முடிந்து பெரியம்மா வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோமே, அதற்கு வருகிறேன். விடுதியில் சேர்க்கும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து நான் மனசுக்குள் புடவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். உன்னோடு மெட்ராஸுக்கு ஒரு பஸ் பயணம். ஜன்னலோரம் உன்னை உட்காரவைத்துவிட்டு நான் பக்கத்தில். போகிற வழியில், திண்டிவனம் தாண்டியதும், பேச்சோடு பேச்சாக அந்த இங்கிலாந்துக்காரரைப் பற்றி உனக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பெரியம்மாவைக் குறை சொல்லாமல், சிரித்துக்கொண்டே. அந்தப் பயணம் ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

உன் அப்பாதான் ஆரம்பித்தார். "மில்லுலேர்ந்து வெட்டு உத்தரவு வந்துட்ச்சி. கரும்ப இப்ப வுட்டா காஞ்சி எடை கம்மியாப் பூடும். என்னால வர முடியாது. இவளும் வந்துட்டா வெட்டற ஆளுங்களுக்கு யாரு பொங்கிப் போடறது?"

"யாரும் வராதீங்க, நான் போய் வுட்டுட்டு வரேன்" என்றாள் பெரியம்மா, குழம்புக் கரண்டியை ஆட்டிக்கொண்டே. "சைதாப்பேட்டையில எங்க சித்தி பொண்ணு வூடு கீது. ராவுக்கு அங்க தங்கிக்குவேன்."

நீ ரசத்தைப் பிசைந்துகொண்டே தலை நிமிராமல், "பெரியம்மாவே வரட்டும்மா. உனக்கு மெட்ராஸ் புதுசு" என்றாய்.

"எனக்கு மட்டும் இன்னாடா பழசு? நான் இன்னா கடலுக்குக் காவலா இருந்தேன்? அந்தக் காலத்துல நாலு தபா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு வந்தேன், அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்ச மெட்ராஸு" என்றாள். எல்லாரும் சிரித்தீர்கள். அது எந்த ஆஸ்பத்திரி என்று அந்தக் கூடத்தில் பெரியப்பாவுக்கும் எனக்கும்தான் தெரியும். பிள்ளை பிறக்குமா என்று காட்டிக்கொள்ள அவள் போய்வந்த ஆஸ்பத்திரி. கடைசித் தடவை அவளோடு துணைக்குப் போகிறேன் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள். அப்போது நீ என் வயிற்றில் இருந்தாய்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னா புள்ள, நீ இன்னா சொல்ற? ஒனக்குப் போவணும்னா சொல்லு. நான் வந்து கச்சிராயபாளையத்துல ஆளுங்களுக்குப் பொங்கிப் போடறேன். எனக்கு இன்னா, கை இல்லியா?"

கேட்டாள், கண்ணு. அதை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை, நீ மோர் கேட்டுக்கொண்டிருந்தாய். வாய்விட்டுக் கேட்டாள். நான் 'போறேன்' என்று சொல்லியிருந்தால் அவள் விட்டுக்கொடுத்திருப்பாள், விட்டுக்கொடுத்ததைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லவும் செய்திருப்பாள். அவள் கொடுத்து நான் வாங்க வேண்டுமா என்று எனக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டது. உன் வாயிலிருந்து, "அம்மா, நீ வாம்மா" என்று வந்தால் போதும் என்று காத்திருந்தேன். நீ மோரைக் குடித்துவிட்டு எழுந்து கைகழுவப் போனாய். "நீங்களே போய்ட்டு வாங்கக்கா" என்றேன்.

இதைப் படித்துவிட்டு நீ செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. வகுப்பில் அந்த இங்கிலாந்துக்காரரின் பெயரைக் கேட்ட கையோடு பெரியம்மாவுக்கு எழுதாதே. லீவுக்கு வரும்போது, "உங்க நைனா சொல்லல, எங்கம்மா சொன்னது" என்று அவளிடம் போய் நிற்காதே. அவளுக்குப் பிள்ளை இல்லை, சொத்தில் பாதி கடன், பெரியப்பாவின் வாய் உனக்குத் தெரியும். ஒரு கூட்டமே எழுந்து கைதட்டிய நைனா ஒருவர்தான் அவளுக்கு இப்போது இருக்கிறார். அவரை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வைக்க நம்மிடம் எதுவும் இல்லை. அந்த வெள்ளைக்காரருக்கு இதனால் நஷ்டம் இல்லை. அவர் பெயர் தெரியாமலே எத்தனையோ ஊர்களில் அவர் சொன்னதை வைத்து ஜனங்கள் சண்டை போடுகிறார்கள், சட்டம் எழுதுகிறார்கள், சீட்டு கேட்கிறார்கள். நீ சாலையில் உட்கார்ந்ததும் அவர் பேச்சைக் கேட்டுத்தான், உனக்கு அது தெரியாது, அவ்வளவே. யோசனைகள் அப்படித்தான் ஊர் மாறி, ஆள் மாறிப் பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லை. எனக்கு என் பெயர் வேண்டும். ஊருக்குத் தெரிய வேண்டாம், உனக்குத் தெரிந்தால் போதும். அதற்காகத்தான் இத்தனை பக்கமும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது யாரோ ஒருவரைக் காட்டி, "எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது இவங்கதான்" என்று சொல்லும். உன்னைச் சொல்லாது. அன்றைக்கு உன் நெஞ்சில் ஒன்று சுருக்கென்று குத்தும். குத்தினால் அதைக் கெட்ட குணம் என்று நினைத்து ஒளிக்காதே. நான் ஒளித்துவைத்துப் பார்த்துவிட்டேன். அது குறையவில்லை.

மறுநாள் விடியற்காலை பெரியம்மா உன்னோடு மெட்ராஸ் பஸ் ஏறினாள். நான் கச்சிராயபாளையம் டவுன் பஸ் ஏறினேன். கரும்பு வெட்டு முடிந்து ஆட்கள் போன பிறகு ஒரு மத்தியானம் அவள் நம் வீட்டுக்கு வந்து, விடுதியில் நடந்ததைச் சொன்னாள். கையெழுத்துப் போடும் இடத்தில் உன்னைப் பார்த்து, "இவங்க உங்க அம்மாவா?" என்று கேட்டார்களாம். நீ, "ஆமா சார்" என்றாயாம். அவள், "இல்லீங்க, நான் பெரியம்மா, பெத்தவ ஊர்ல கீறா" என்று சொல்லிவிட்டு, பெரியம்மா என்றே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாளாம். இரண்டையும் அவளேதான் என்னிடம் சொன்னாள்.